ஒன்பது பேருக்கு அரை மணி

1986 நவம்பர் 5, புதன்

காலையில் மழை. பத்து மணிக்குப் பிறகு மழையும் பனியும் கலந்து. ஐஸ் தளத்தின் கூரை பாதிக்குத்தான். கூரையில்லாத பாதியில் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தப் பாதிதான் எங்களுக்கு. வழக்கம்போல.

வாங்க: விசிலுக்குக் கயிறு, கறுப்பு ஒட்டுநாடா, உள்ளி, இவருக்கு இருமல் மருந்து.

ஒரு மணி வரை மருத்துவமனைச் சலவை அறை. பிறகு சாப்பிடாமல் பஸ். புதன் பின்னேரம் இந்த ஊரில் பள்ளிக்கூடம் இல்லை, இரண்டு மணிக்கே பிள்ளைகள் வாசலில். முதல் ஒரு மணி நேரம் ஹொக்கிப் பெடியன்கள் பதினான்கு பேர். பிறகு அரை மணி ரிங்கெட் பெண்பிள்ளைகள் ஒன்பது பேர். பவர் ஸ்கேட்டிங் (இனி ப.ஸ்., கை நோகிறது) இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றுதான். முழங்காலை மடி. விளிம்பில் நில். காலை முழுதாக நீட்டித் தள்ளு. வலது, இடது, இரண்டு பக்கமும் திரும்பிச் சறுக்கலை நிறுத்தப் பழகு. பெடியன்களுக்கு முதல் இருபது நிமிடம் மட்டை கொடுப்பதில்லை. செப்டம்பரில் அதற்கு மூஞ்சியை நீட்டினார்கள். இப்போது தாங்களாகவே மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு வருகிறார்கள்.

ரெட்டோ (13 வயது, பின்வரிசை ஆட்டக்காரன், வாய் ஓயாது) இன்று பின்பக்கமாக முழு வட்டம். விழவில்லை. தனக்குத்தானே கைதட்டினான், அதில் விழுந்தான்.

பெண்பிள்ளைகளில் நாலு பேருக்கு இன்னும் அலங்காரச் சறுக்கலுக்கான வெள்ளைச் சப்பாத்து. அதன் முன்பல் ஐஸில் கொழுவி ஆளை முகம் குப்புற விழுத்தும். ஸபீனேக்கு (12) வலதுபக்கம் நிற்க வரும், அதுவும் அழகாக வரும். இடதுபக்கம் என்றால் சுற்றுப்பலகையில் மோதித்தான் நிற்பாள்.

ரிங்கெட் என்றால் என்னவென்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. கல்யாணம் கட்டிக் கனடாவிலிருந்து வந்தபோது பெட்டியில் ஆறு நீல ரப்பர் வளையங்கள். அதற்காகக் கூறைப்பெட்டியிலிருந்து இரண்டு சேலையை எடுத்து வெளியே வைத்தேன், அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. மட்டைகள் பழைய ஹொக்கி மட்டைகளின் அடியை வாளால் அறுத்தவை. மட்டை நுனியை வளையத்துக்குள் விட்டுத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். ஆளை இடிக்கக் கூடாது. அதனால் கால்தான் எல்லாம். ஹொக்கிக் கழகம் பெண்பிள்ளைகளைச் சேர்க்காது, என்னிடம் வந்தார்கள்.

முதல் அறிவித்தலில் "யோகாவின் ப.ஸ். வகுப்பு" என்று என் பெயரைப் போட்டதும் கம்பளியும் கையுமாக இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள், மூச்சுப் பயிற்சி எந்த அறையில் என்று கேட்டபடி. ஒருத்தி ஐஸைப் பார்த்துவிட்டு, "இதிலையோ படுக்கிறது?" என்றாள்.

கழகத்தின் இளையோர் பயிற்சியாளர் பெயர் அம்மன். நான் கேலிக்கு வைக்கவில்லை, இந்த ஊர்க் குடும்பப் பெயர், அவருடைய அப்பாவுக்கும் அதுதான். இவர் வேலையால் வந்ததும் கேட்பது, "இண்டைக்கு அம்மன் என்ன வரம் தந்தவர்?"

இன்றைய வரம்: பெண்பிள்ளைகளுக்கு ஏழு நிமிடம் மீதி இருக்கும்போதே தன் அணியை ஐஸில் இறக்கினார். மணிக்கூட்டைக் காட்டினேன். அவர் தன் மணிக்கூட்டைக் காட்டினார்.

இதை மாற்றும் அறையில் இருந்து எழுதுகிறேன். கொப்பி திறந்தபடி. தமிழ் எழுத்து, யார் எட்டிப் பார்த்தாலும் பயமில்லை.

நவம்பர் 8, சனி

வெயில். குளிர் 1. ஐஸ் நல்ல கடினம்.

பெடியன்களுக்கு: உள்விளிம்பு, வெளிவிளிம்பு, கால்மேல் கால் வைத்து வளைவது இரண்டு பக்கமும். கடைசிப் பத்து நிமிடம் மட்டையும் பக்கும் (ஹொக்கியின் கறுப்பு ரப்பர் வில்லை).
பெண்பிள்ளைகளுக்கு: அதேதான், வளையத்தோடு. நிற்பது, புறப்படுவது, நிற்பது.

ஸபீனேயின் இடதுபக்கம்: இல்லை.

பார்வையாளர் வாங்கிலில் ஒரு தகப்பன், பக்கத்தில் இருந்தவரிடம்: "முதல்லை கோப்பை கழுவ வந்தாங்கள். இப்ப எங்கட பிள்ளையளுக்கு ஹொக்கி பழக்குறாங்கள்." எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். இல்லாவிட்டால் விளங்கட்டும் என்று நினைத்திருப்பார்.

அவர் முன்னால் போய்ச் சுற்றுப்பலகையோடு நின்றேன். ஐஸ்தூள் அவருடைய சப்பாத்து வரை பறந்தது.

"உங்கட மகன் எது?"

"மஞ்சள் தொப்பி."

"இடது முழங்கால் மடியுதில்லை. வீட்டிலை பல்லுத் தீட்டேக்கை ஒற்றைக் காலிலை நிக்கச் சொல்லுங்கோ. இரண்டு நிமிசம்."

ஓம் என்று தலையாட்டினார். கோபத்தோடு சிரிக்கப் பழகிவிட்டேன். முகம் நோகிறது.

போகும்போது அம்மன்: "வியாழக்கிழமை பின்னேரம் ஐஞ்சு மணிக்குக் கழக அறைக்கு வாங்கோ. நிருவாகம் உங்களோடை கதைக்க வேணுமாம்."

"என்ன விசயம்?"

"நல்ல விசயம்."

அவர் வாயில் நல்ல என்ற சொல் முதல் தடவை.

நவம்பர் 10, திங்கள்

மூடுபனி, எதிர்வீடு தெரியவில்லை. சலவை அறையில் ஒரு மெஷின் பழுது, விரிப்புகள் மலைமாதிரி.

பின்னேரம் கனகு அண்ணை வந்தார். மேல்மாடி. இவருடைய ஊர்க்காரர், இங்கே வந்திருக்கும் எங்கள் ஆட்களுக்கெல்லாம் தானே பெரியவர் என்ற நினைப்பு. தேத்தண்ணியில் பாதி குடிக்கும் வரை ஊர்ச் செய்தி. பிறகு தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, குறை நினையாதை. சனம் கதைக்குது."

"என்னெண்டு, அண்ணை?"

"உந்தக் காலோடை ஒட்டின கால்சட்டையும் போட்டுக்கொண்டு, அவ்வளவு ஆம்பிளைப் பிள்ளையளுக்கு நடுவிலை…"

"அவங்களுக்குப் பதின்மூண்டு வயசு, அண்ணை. காலோடை ஒட்டாட்டி முழங்கால் மடியிறது தெரியாது. அவங்கள் அதைப் பாத்துத்தான் பழகிறாங்கள்."

"அதுக்கில்லை…"

"பிறகு எதுக்கு?"

அவர் மீதித் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். வீட்டு நிருவாகம் அனுப்பியது: உங்களுக்குக் குறித்த நாளில்லாத நாளில் உடுப்புத் தோய்க்கிற அறையைப் பாவித்திருக்கிறீர்கள், திறப்பை உடனே ஒப்படைக்கவும். அவருக்கு ஜேர்மன் வாசிக்க வராது. நாளை மறுமொழி போக வேண்டுமாம்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம், மரியாதையாக. நாள் மாறியது பக்கத்து வீட்டுக்காரி கேட்டதால் என்று அவர் சொன்னதையும் சேர்த்து. கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினேன்.

"கடிதம் தாறன், அண்ணை. எத்தினை வேணுமெண்டாலும் எழுதித் தாறன். கால்சட்டைக் கதை மட்டும் இனி இந்த வீட்டிலை வேண்டாம். சரியோ?"

"ஓம், ஓம்" என்றுகொண்டே எழும்பினார்.

இவர் முழு நேரமும் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டு நின்றார். ஒரு சொல் இல்லை. ஒரு கட்டு லீக்ஸ் வெட்ட அரை மணியா?

நவம்பர் 13, வியாழன்

எழுதி முடித்தால்தான் நெஞ்சு ஆறும்.

கழக அறை. சுவர் முழுக்கக் கோப்பைகள், சிகரெட் புகை. தலைவர் (பல் வைத்தியர், மெல்லிய குரல்), செயலாளர், அம்மன். எனக்கு ஒரு கதிரை, அவர்களுக்கு எதிரே.

தலைவர் தொடங்கினார். பெடியன்கள் மாறிவிட்டார்களாம். எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் இவர்களுக்கு யார் சறுக்கப் பழக்குகிறது என்று கேட்டாராம். அதனால் டிசம்பரிலிருந்து வாரத்துக்கு நாலு தடவை. சின்ன அணிகளும் சேர்த்து. கூரை உள்ள பாதி. என் பெயர் கழகத்தின் தாளில் அச்சாகும்.

இரண்டு குளிர்காலம் இந்த ஊரில் வேலிக்கு வெளியே நின்று மற்றவர்கள் சறுக்குவதைப் பார்த்தவள் நான். ஒன்டாரியோவில் ஆறு வருடம் பழக்கியதை இங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு கணம் கண் கலங்கப் பார்த்தது. உண்மையை எழுதுகிறேன். "ஓம்" என்ற சொல் வாய்க்குள் வந்துவிட்டது.

பிறகு செயலாளர் தாளைத் திருப்பினார். அடுத்த பக்கத்தில் நேர அட்டவணை. பெண்பிள்ளைகளின் அரை மணி இல்லை.

"பெண்பிள்ளையளின்ரை அரை மணி எங்கை?"

அம்மன்: "அந்த அரை மணி எங்கட இளையோர் அணிக்குத் தேவை. வளையம் தள்ளுறது ஒரு விளையாட்டில்லைத்தானே. பிள்ளையள் பொழுது போக்கினம். பொது நேரத்திலை வந்து போக்கட்டும்."

பொது நேரத்தில் மட்டையோடு இறங்கத் தடை. அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

தலைவர் மெல்லிய குரலில், ஃபிராவ் (திருமதி) போட்டு மரியாதையாக: "நீங்கள் ஒரு அடி முன்னுக்கு வாறீங்கள், ஃபிராவ். எல்லாத்தையும் கையிலை பிடிச்சுக்கொண்டு வரேலாது."

"அந்த ஒன்பது பேர் இல்லையெண்டால் நானும் இல்லை."

என் ஜேர்மன் பிழைத்தது. வினைச்சொல் தவறான இடத்தில். ஆனால் மூன்று பேருக்கும் விளங்கியது. செயலாளர் பேனையை மூடினார். யோசிக்க ஒரு கிழமை தரலாம் என்றார் தலைவர். வேண்டாம் என்றேன். அப்படியென்றால் இந்த மாத முடிவோடு இரண்டு வகுப்பும் முடிகிறது, ப.ஸ். பயிற்சியை அம்மன் நடத்துவார். எழுதிக்கொண்டார்கள்.

வாசலில் அம்மன் பின்னால் வந்து, "இது வெறும் பெருமைக்குச் செய்யிறீங்கள்" என்றார்.

"ஓம்" என்றேன்.

பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தே வந்தேன். நாலு கிலோமீற்றர். பாதிவழியில்தான் தொப்பியை அங்கேயே விட்டது தெரிந்தது. திரும்பிப் போகமாட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

தூறல். காது நோகிறது. தொப்பி வாங்க.

இவருக்கு மருத்துவமனைச் சமையலறையில் காலை முறை, இரண்டு மணிக்கே வீட்டில். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு:

"நாலு நாளோ தந்தவங்கள்?"

"நாலு."

"கூரைக்குக் கீழையோ?"

"ஓம்."

"நீர் வேண்டாமெண்டிட்டீர்."

"ஓம். நீங்கள் ஏதாவது சொல்லப் போறீங்களோ, இல்லாட்டி இண்டைக்கும் லீக்ஸ் வெட்டப் போறீங்களோ?"

அதற்குத்தான் காத்திருந்தேன் போல. திங்கட்கிழமைக் கோபம் முழுதும் வெளியே வந்தது. கனகு அண்ணை அப்படிக் கதைக்கும்போது வாய் திறக்காத மனுசன் என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன், அவற்றை எழுதவில்லை.

இவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. "நீர் அந்தாளுக்கு நல்லாத்தானே குடுத்துக்கொண்டு நிண்டனீர். நான் நடுவிலை வந்திருந்தா, என்ரை மனுசிக்கு நான் அனுமதி குடுத்தமாதிரி ஆகியிருக்கும். உமக்கு நான் அனுமதி குடுக்க என்ன இருக்கு? சறுக்கிறது உம்மட கால்."

யோசித்தேன். சரிதான் போல. ஆனாலும் ஒரு சொல்லாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொன்னேன். "சரி, அடுத்தமுறை ஒரு சொல்" என்றார்.

நவம்பர் 15, சனி

குளிர் மைனஸ் 2. மேகம்.

பெடியன்களுக்குச் சொல்லவில்லை, அது அம்மன் சொல்ல வேண்டியது. பெண்பிள்ளைகளைக் கோட்டின்மேல் வரிசையாக இருத்திச் சொன்னேன். கழகம் என்னிடம் என்ன கேட்டது, நான் என்ன சொன்னேன், மாத முடிவோடு அரை மணி போகிறது.

முதலில் ஊர்ஸி (9, ஆகச் சின்னவள், சளி மூக்கு): "அப்ப எங்கட வளையமும் அவங்களுக்கோ?"

"வளையம் என்ரை பெட்டியிலை வந்தது. ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

"அப்ப பரவாயில்லை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஸபீனே எழும்பிப் போய்த் தனியே இடதுபக்கம் நிற்கப் பார்த்தாள். பதினொரு தடவை. பதினொரு தடவையும் பலகை. பன்னிரண்டாவது தடவைக்கு முன் கையைப் பிடித்து நிறுத்தினேன். முழங்கை நீலம். "நீங்கள் எங்களுக்காண்டி வேலையை விட்டனீங்களெண்டு அம்மாட்டைச் சொன்னா அம்மா அழுவா" என்றாள்.

"உங்களுக்காண்டி இல்லை. எனக்காண்டி. அம்மாட்டை அப்பிடிச் சொல்லு."

தளத்தைப் பராமரிக்கிற ஐஸ்மைஸ்டர், பெயர் ஸெப். என்னோடு இதுவரை ஐந்து சொல்லுக்கு மேல் கதைத்ததில்லை, அதில் இரண்டு "கதவைச் சாத்து". இன்று ஐஸ் மெஷினில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"கழகத்துக்குத் தளம் சொந்தமில்லை. அது நகரசபையின்ரை. காலமை ஆறு மணியிலையிருந்து ஏழேகால் மட்டும் ஐஸ் ஒருத்தருக்கும் எழுதியில்லை. நான் எப்பிடியும் ஐஞ்சரைக்கு வந்து ஐஸ் போடுறன்."

"அப்ப எங்களுக்குத் தரலாமோ?"

"என்னைக் கேளாதை. நான் ஒண்டும் சொல்லேல்லை." மெஷினைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 17, திங்கள்

சலவை அறையில் கெஞ்சி ஒரு மணி நேரம் விடுப்பு. நகரசபை விளையாட்டு அலுவலகம், இரண்டாம் மாடி. கண்ணாடி போட்ட ஒரு பெண். நல்ல மனுசிதான், ஆனால் படிவத்துக்கு வெளியே போகமாட்டாள்.

"கழகத்தின் பெயர்?"

"கழகம் இல்லை. நான், ஒன்பது பிள்ளையள்."

"தனி ஆளுக்கு ஐஸ் குடுக்கேலாது. கழகத்துக்குத்தான்."

"கழகம் தொடங்க என்ன வேணும்?"

பேனையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். "கொஞ்ச ஆக்கள். விதிகள் எழுதின ஒரு தாள். எல்லாற்றையும் கையெழுத்து. ஆர் தலைவர் எண்டு முடிவு."

"எத்தினை நாள் எடுக்கும்?"

"நாளோ? ஒரு பின்னேரம் காணும்."

இந்த நாட்டில் அனுமதி, முத்திரை, காத்திருப்பு என்று இரண்டரை வருடமாகக் கேட்டுப் பழகிய காதுக்கு அது ஏதோ பிழையாகக் கேட்டது போல் இருந்தது. இன்னொரு தடவை கேட்டேன். அதையே சொன்னாள். வெளிநாட்டுக்காரி தலைவராக இருக்கலாமோ என்று கேட்டேன். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இருக்கக் கூடாதெண்டு எங்கையும் இல்லை."

படிகளில் இரண்டு இரண்டாக இறங்கினேன்.

நவம்பர் 19, புதன்

பனி. முதல் தடவை நிலத்தில் தங்கியது.

வகுப்பு முடிந்து நேரே எங்கள் குசினி. ஃபிராவ் கெலர் (ஸபீனேயின் தாய், தபால் கந்தோரில் வேலை, தட்டச்சு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தா), ஃபிராவ் ஹூக் (ஊர்ஸியின் தாய், வாய் பேசாமல் எல்லாவற்றையும் கவனிக்கிற ஆள்), நான். கதிரை மூன்றுதான், இவர் நின்றபடி தேத்தண்ணி ஊற்றினார்.

விதி ஒன்று, நோக்கம். ஃபிராவ் கெலர் "பெண்பிள்ளைகளுக்கான ப.ஸ்." என்று தட்டத் தொடங்கினா.

நான்: "எல்லாப் பிள்ளையளுக்கும் எண்டு போடுங்கோ."

தட்டுவதை நிறுத்தினா. "அவங்கள் எங்கட பிள்ளையளை வெளியிலை விட்டவங்கள். நாங்கள் ஏன் அவங்களை உள்ளுக்கு விடவேணும்?"

"வெளியிலை விட்டது பெடியன்களில்லை."

"நாளைக்குப் பெடியன்கள் இருவது பேர் வந்து நிண்டா? திரும்ப என்ரை பிள்ளை மூலையிலை நிக்கும். நான் பாத்திருக்கிறன். உங்களுக்கு இப்பதான் நடந்தது, எனக்கு நாப்பது வருசமா நடக்குது." இந்த நாட்டின் சில மாநிலங்களில் உள்ளூர் வாக்கெடுப்பில் பெண்களுக்கு இன்னும் வாக்குக்கூட இல்லை என்று சொன்னா. முகம் சிவந்துபோய்.

அவ சொன்னதில் பிழை இல்லை. அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் ஃபிராவ் ஹூக்தான், வந்ததிலிருந்து முதல் தடவையாக: "எல்லாப் பிள்ளையளுக்கும் எண்டு போடுவம். அடுத்த வரியிலை, பெண்பிள்ளையளின்ரை நேரத்தை ஒரு காரணத்துக்கும் குறைக்கேலாது எண்டு போடுவம்."

ஃபிராவ் கெலர் தட்டினா. இரண்டாவது வரியைப் பெரிய எழுத்தில் தட்டினா.

தலைவர்: நான். செயலாளர்: கெலர். மூன்றாவது ஆள்: ஹூக். கையெழுத்து. கழகம் பிறந்தது, ஐந்து மணி பத்து நிமிடம். இவர் கைதட்டினார்.

நவம்பர் 24, திங்கள்

தபாலில் நகரசபைக் கடிதம். திங்கள், வியாழன், காலை ஆறு முதல் ஏழேகால். முழுத்தளம். கூரையுள்ள பாதி, இல்லாத பாதி, இரண்டும்.

வாசித்த உடனே பயம் பிடித்தது. டிசம்பரில், இருட்டுக்குள், எட்டு மணிப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எந்தப் பிள்ளை எழும்பி வரும்? எந்தத் தாய் எழுப்பி விடுவா? நான் மட்டும் விசிலோடு நிற்பேனா? ஸெப் பார்த்துக்கொண்டிருக்க?

நிற்கிறதென்றாலும் நிற்பேன்.

சலவை அறை மேற்பார்வையாளரிடம் இரண்டு நாளும் ஏழரைக்குப் பதிலாக எட்டுக்கு வரக் கேட்டேன். ஏன் என்றார். ஒரு கழகத்தின் தலைவர் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், ஏப்ரன், ரப்பர்ச் சப்பாத்து எல்லாம் சேர்த்து. "எட்டு மணி. பிந்தக் கூடாது."

நவம்பர் 28, வெள்ளி

மைனஸ் 4. சங்கதி பரவிவிட்டது.

தளத்து அறிவித்தல் பலகையில் ஹொக்கிக் கழகத்தின் தாள், தலைவர் கையெழுத்தோடு. அப்படியே பார்த்து எழுதுகிறேன், தமிழில்: "கழகச் சீருடை அணியும் எவரும் கழகத்துக்கு வெளியிலான எந்தச் சறுக்கல் பயிற்சியிலும் பங்கெடுக்கலாகாது. மீறுவோர் அடுத்த ஆட்டத்தில் ஆடாமல் வாங்கிலில் இருப்பர்."

பிள்ளைகளை வைத்தா என்னோடு சண்டை பிடிப்பது?

தாளைக் கிழிக்கக் கை போனது. கிழிக்கவில்லை. பக்கத்தில் எங்கள் புதுக் கழகத்தின் நேரம் எழுதிய தாளைக் குத்தினேன். ஊசி நாலு, நாலு மூலைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு தொலைபேசி அழைப்பு. ஒரு பிள்ளையின் தகப்பன் ஹொக்கிக் கழகத்தில் நடுவராம், மகளை இனி அனுப்பமாட்டார். இன்னொரு தாய், தங்கள் பக்கம் விடியப்புறம் பஸ் இல்லை என்றா. ஒன்பது ஏழானது.

அன்றைக்குக் கொடுத்த நாலு நாளை எடுத்திருந்தால் இப்போது கூரைக்குக் கீழே. ஒரு தடவை நினைத்தேன். ஒரு தடவைதான்.

நவம்பர் 29, சனி

கடைசி வகுப்பு. இங்கே பிள்ளைகள் வகுப்பு முடிந்தால் கைகொடுத்துவிட்டுத்தான் போவார்கள். பதினான்கு கை. ஈரக் கையுறைகள். மஞ்சள் தொப்பிக்காரன் ஒற்றைக் காலில் நின்று காட்டினான், இரண்டு நிமிடத்துக்கு மேல் முடியுமாம். ரெட்டோ மட்டும் கையை விடவில்லை.

"திங்கட்கிழமை எத்தினை மணிக்கு?"

"பலகையிலை கிடக்கு. ஆனா உனக்கில்லை. பக்கத்துத் தாளையும் வாசி."

"வாசிச்சனான்."

"அப்ப?"

தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். வரச் சொல்லி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதில் கவனமாக இருந்தேன்.

டிசம்பர் 1, திங்கள்

மைனஸ் 7. நாலே முக்காலுக்கு எழும்பினேன். இவரும் எழும்பினார், கேட்காமல். முதல் பஸ். இவர் கையில் தேத்தண்ணிப் போத்தல் இரண்டு, என் கையில் மட்டைக் கட்டு.

ஸெப் விளக்குப் போட்டிருந்தார். ஐஸ் கண்ணாடி. ஒரு கீறல் இல்லை. இந்த ஊரில் நான் பார்த்த எல்லாவற்றிலும் அழகானது அதுதான். முதல் ஆளாக இறங்கி ஒரு சுற்று, முழுத்தளமும், விசில் இல்லாமல்.

ஆறு மணிக்கு ஒருவரும் இல்லை.

ஆறு மூன்றுக்கு ஃபிராவ் கெலரின் கார். பின்கதவால் ஐந்து பேர் இறங்கினார்கள், எப்படி அடைத்தாவோ. பிறகு சைக்கிளில் இருவர். ஏழு. இரவுச்சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை, கண்ணில் நித்திரை. ஊர்ஸி ஒரு காலில் சப்பாத்தோடு வாங்கிலில் தூங்கிவிட்டாள். இவர் குந்தியிருந்து மற்றச் சப்பாத்தைக் கட்டிவிட்டார், கயிறு கட்டத் தெரியாமல் மூன்று முடிச்சு. அவளைக் கைபிடித்து ஐஸ் வரை கூட்டிவரும்போது தானே சறுக்கி விழுந்தார். ஏழு பேரும் முழித்துக்கொண்டார்கள்.

ஆறே காலுக்குக் கதவு. ரெட்டோ. அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், மஞ்சள் தொப்பியும். நாலு பேரும் கழகச் சீருடையில். ஐஸில் போட வேறு தடித்த உடுப்பு அவர்களிடம் இல்லை.

ஃபிராவ் கெலர் என்னைப் பார்த்தா. பெண்பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

இவர் வாங்கிலில் இருந்தபடி அந்தச் சீருடையைப் பார்த்து, எனக்குச் சொன்னபடியே, ஜேர்மனில் ஒரு சொல் சொன்னார்: "வடிவு."

நான்: "தாளிலை என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமோ?"

ரெட்டோ: "கழகச் சீருடை அணியும் எவரும்." பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னான். சொல்லிவிட்டு நின்றான். மற்ற மூன்று பேரையும் பார்த்தான். பிறகு சீருடையைத் தலைக்கு மேலால் கழற்றினான். உள்ளே கரடிப் படம் போட்ட இரவுச்சட்டை. பெண்பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். சிவந்துபோனான், ஆனால் திரும்பப் போடவில்லை. மற்ற மூன்று பேரும் கழற்றினார்கள். நாலு சீருடையும் வாங்கிலில்.

"வரிசையின்ரை பின்னுக்கு" என்றேன். "முன்னுக்குப் பெண்பிள்ளையள்."

போய் நின்றார்கள். ஃபிராவ் கெலர் காரிலிருந்து கம்பளிச் சட்டைகள் கொண்டுவந்து போட்டா.

ஏழேகால் வரை ஒருவரையும் நிற்க விடவில்லை.

சப்பாத்துக் கழற்றும்போது ரெட்டோ, பல் கிடுகிடுக்க: "யோகா, எங்கை போனனியெண்டு அம்மன் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"உண்மையைச் சொல்லு. ஐஸ் நல்லா இருந்தது எண்டு சொல்லு."